நியூயார்க் நாற்காலியும் வர்ஜீனியா நாற்காலியும்

அமெரிக்காவில் 93 பெடரல் தலைமை அரசு வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள், அவரவர் வட்டாரத்தில் மத்திய அரசின் சார்பில் வழக்கு நடத்துபவர்கள். அதிபர் பெயரை முன்மொழிய வேண்டும், செனட் ஒப்புதல் தர வேண்டும். இதுதான் முறையான வழி. ஆனால் அதற்கு மாதக்கணக்கில் ஆகும். அதுவரை, நீதி அமைச்சகத்தின் தலைவரான அட்டர்னி ஜெனரல் ஒருவரை இடைக்காலமாக 120 நாள் உட்கார வைக்கலாம். அதுவும் முடிந்தால் அந்த வட்டார நீதிபதிகளே ஆளை நியமிக்கலாம். இருப்பவரை நீக்க அதிபருக்கு அதிகாரம் உண்டு. அதில் பெரிய தகராறு இல்லை. அடுத்தவர் எந்த வாசல் வழியாக வருகிறார் என்பதில்தான் சண்டை.

நியூயார்க்கை எடுத்துக்கொள்வோம். 2020 ஜூன் 19, வெள்ளி இரவு. அங்கே தலைமை அரசு வழக்கறிஞராக இருந்த ஜெஃப்ரி பெர்மன் விலகுகிறார் என்று அட்டர்னி ஜெனரல் வில்லியம் பார் அறிவித்தார். நான் விலகவே இல்லையே என்று பெர்மன் அன்றிரவே மறுத்தார். அவரை 2018-இல் நியமித்தவர்கள் நீதிபதிகள். டிரம்ப்பின் முன்னாள் வக்கீல் மைக்கேல் கோஹென் மீது வழக்குப் போட்டது அந்த அலுவலகம்தான். அங்கே உட்கார வைக்க நினைத்த ஜே கிளேட்டன் அப்போது பங்குச் சந்தை ஆணையத்தின் தலைவர். ஒரு நாள்கூட அரசு வழக்கறிஞராக இருந்தவரில்லை. அவர் வரும்வரை நியூஜெர்சியிலிருந்து ஒருவரைக் கூட்டி வரத் திட்டம். மறுநாள் டிரம்ப் பெர்மனை நீக்கினார். ஆனால் பொறுப்பு பெர்மனின் துணை ஆட்ரி ஸ்ட்ராஸிடம் போகும் என்றானதும் பெர்மன் சத்தமில்லாமல் கிளம்பினார். பதவி போனது, அலுவலகம் தப்பித்தது.

வர்ஜீனியா கதை வேறு. கிழக்கு வர்ஜீனியாவின் எரிக் சீபர்ட் இடைக்காலமாக வந்தவர். 120 நாள் முடிந்ததும் நீதிபதிகளே அவரைத் தொடரவிட்டார்கள். டிரம்ப் தரப்பின் நெருக்கடி முற்றி 2025 செப்டம்பர் 19-இல் விலகினார். இல்லை, நான்தான் நீக்கினேன் என்றார் டிரம்ப். சில நாளில் அந்த இடத்துக்கு லிண்ட்சி ஹாலிகன் வந்தார்: டிரம்ப்பின் சொந்த வக்கீல்களில் ஒருவர், காப்பீட்டு வழக்குகள் பார்த்தவர். செப்டம்பர் 25-இல் எஃப்.பி.ஐ. முன்னாள் இயக்குநர் ஜேம்ஸ் கோமி மீது குற்றச்சாட்டு. அடுத்த மாதம் நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் லெட்டிஷியா ஜேம்ஸ் மீது. இவ்வளவு அவசரம் ஏனென்றால், கோமி மீது வழக்குப் போடும் காலக்கெடு செப்டம்பர் கடைசியோடு முடிய இருந்தது. நவம்பர் 24-இல் நீதிபதி கேமரன் கரி இரண்டையும் தள்ளுபடி செய்தார். ஹாலிகனுக்கு அனுபவம் இல்லை என்பதற்காக அல்ல. 120 நாள் சீபர்ட்டோடே செலவாகிவிட்டது, இன்னொரு 120 நாளைத் தொடங்கும் உரிமை அட்டர்னி ஜெனரலுக்கு இல்லை என்பது அவர் கணக்கு.

இந்த 120 நாளுக்கே ஒரு பூர்வகதை உண்டு. 2006 மார்ச்சில் ஒரு சட்டத் திருத்தத்தில் அந்த வரம்பை நைசாக எடுத்துவிட்டார்கள். அதே ஆண்டுக் கடைசியில் ஆர்கன்சாவில் பட் கம்மின்ஸை விலக்கி, அதிபர் புஷ்ஷின் ஆலோசகர் கார்ல் ரோவின் உதவியாளராக இருந்த டிம் கிரிஃபினை உட்கார வைத்தபோது குட்டு உடைந்தது. 2007 ஜூனில் வரம்பு திரும்ப வந்தது. இத்தனைக்கும் கிரிஃபினுக்கு அரசு வழக்கறிஞர் அனுபவம் இருந்தது.

என்னைக் கேட்டால், ஆள் போகும்போது துணையை ஏற்றிவிட்ட நியூயார்க் வழிதான் சேதம் குறைந்தது. சரி, கிளேட்டன் என்ன ஆனார்? 2025 ஏப்ரலில் அதே நாற்காலிக்கு இடைக்காலமாக வந்தார். ஆகஸ்டில் 120 நாள் முடிந்தபோது நியூயார்க் நீதிபதிகளே வாக்களித்து அவரை நியமித்தார்கள்.