முதல் வரைவும் மூன்று குறிகளும்: ஆறாண்டுப் பயன்பாட்டு அனுபவம்

கட்டுரைகளின் முதல் வரைவைத் திருத்துவதற்கும், அதைப் பிறரிடம் கொடுத்துக் கருத்துக் கேட்பதற்கும் எனக்கென்று ஒரு நடைமுறையை வகுத்துக்கொண்டு, ஏறத்தாழ ஆறு ஆண்டுகளாக அதன்படி எழுதி வருகிறேன். தொடங்கிய காலத்தில் இருந்த படிகளில் பாதி இன்று என்னிடம் இல்லை. எவை நிலைத்தன, எவை உதிர்ந்தன, நிலைத்தவற்றிலும் இன்னும் உறுத்துகிற குறைகள் எவை என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதல் ஓராண்டு நான் செய்தது மிக எளிய வேலை. வரைவை முடித்த கையோடு நண்பர்கள் நால்வருக்கு மின்னஞ்சலில் அனுப்பி, "படித்துவிட்டு எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள்" என்று கேட்பேன். "நன்றாக இருக்கிறது", "கொஞ்சம் நீளம்", "முடிவு இன்னும் வலுவாக இருந்திருக்கலாம்" என்று பதில்கள் வரும். இவற்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வரியைக்கூட மாற்ற முடியாது. நீளம் என்றால் எந்தப் பத்தி நீளம், எங்கே படிப்பதற்குச் சலித்தது என்பதெல்லாம் அவர்களுக்கே அதற்குள் மறந்துபோயிருக்கும். நெடுநாள் நான் வாசகர்களைத்தான் குறைகூறிக்கொண்டிருந்தேன். என் கேள்விதான் கோளாறு என்பது பிறகே உறைத்தது. படித்து முடித்தவர் சொல்வது தீர்ப்பு. திருத்த உட்காருபவருக்கு அதைவிட, படித்துக்கொண்டிருந்தபோது எந்த இடத்தில் என்ன நேர்ந்தது என்ற சாட்சியம்தான் வேண்டும்.

ஆகவே இப்போது வாசகர்கள் மூவருக்கு வரைவை அச்சிட்டுக் கொடுத்து, மூன்று குறிகளை மட்டும் இடச் சொல்கிறேன். திரும்பப் படிக்க நேர்ந்த இடத்தில் ஒரு சுழி, கவனம் கலைந்த இடத்தில் ஒரு கோடு, நம்ப முடியாத இடத்தில் ஒரு கேள்விக்குறி. காரணம் எழுத வேண்டியதில்லை. இந்த ஏற்பாட்டின் மதிப்பு எனக்கு விளங்கியது, 12 பக்க வரைவு ஒன்றின் ஐந்தாம் பக்கத்தில். ஓரத்தில் கோடு இருந்தது. கோட்டுக்குப் பக்கத்தில், கேட்காமலே, "இங்க எந்திரிச்சு தண்ணி குடிக்கப் போயிட்டேன்" என்று பென்சிலில் எழுதியிருந்தார் அந்த வாசகர். அந்தப் பக்கத்தைத்தான் கட்டுரையின் உயிர் என்று நான் நினைத்திருந்தேன். திரும்பப் பார்த்தபோது, ஒரே செய்தியை மூன்று பத்திகளில் மூன்று விதமாகச் சொல்லி, மூன்றிலும் மகிழ்ந்திருக்கிறேன் என்று தெரிந்தது. இரண்டு பத்திகள் போயின.

மாற்று வழிகளைச் சொல்லச் சொல்லாததற்கும் காரணம் உண்டு. ஒரு முறை ஒரே வாக்கியத்தில் இருவர் சுழி போட்டிருந்தனர். ஒருவர் அதை விளக்கி எழுதச் சொன்னார். மற்றவர் அதை எடுத்துவிடச் சொன்னார். இருவர் சொன்னதும் பொருந்தவில்லை. ஒரு கலைச்சொல்லை முந்தைய பக்கத்தில் அறிமுகப்படுத்தாமலே பயன்படுத்தியிருந்தேன். தடுக்கிய இடம் இங்கே, கல் கிடந்த இடம் அங்கே. வாசகரின் குறியை நம்புவது, காரணத்தைத் தேடும் வேலையை நானே வைத்துக்கொள்வது என்ற பிரிவினை அன்றிலிருந்து மாறவில்லை.

வாசகரிடம் போவதற்கு முன் நானே செய்யும் திருத்தத்தில், வரைவை ஆறப்போடுவதுதான் எல்லாவற்றையும்விடப் பயன் தருகிறது. மூன்று நாள் கிடைத்தால் நல்லது. ஓர் இரவு மட்டும் கிடைத்தால், எழுத்துருவையும் பத்தியின் அகலத்தையும் மாற்றிப் படிக்கிறேன். எழுதியவரின் கண் தாளில் இருப்பதைப் படிக்காமல் தான் நினைத்ததைப் படித்துக்கொண்டு போகும். வரிகள் வேறிடத்தில் முறிந்தால் அந்தப் பழக்கம் சற்றே தடைபடுகிறது. வாய்விட்டுப் படிப்பது தொடக்கத்தில் மிகவும் உதவியது. ஆனால் ஆண்டுகள் போகப் போக, விடுபட்ட சொல்லை என் வாயே நிரப்பிக்கொள்ளக் கற்றுவிட்டது. அதனால் கணினியின் குரலில் படிக்கச் செய்து கேட்கிறேன். தமிழை அது உயிரில்லாமல்தான் படிக்கிறது. அந்த உயிரின்மையே இங்கே நன்மை. இருப்பதை மட்டுமே அது படிக்கும், சோர்ந்த வாக்கியத்துக்குக் குரலால் முட்டுக்கொடுக்காது.

தமிழில் எழுதுபவர்கள் தனியாகத் தேட வேண்டிய பிழை ஒன்று உண்டு. "நேற்று வந்த நண்பரின் கடிதம்" என்று எழுதியிருந்தேன். வந்தது கடிதம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் வந்தவர் நண்பர் என்றும் அதைப் படிக்கலாம். "நண்பரிடமிருந்து நேற்று வந்த கடிதம்" என்று சொற்களை இடம் மாற்றினால் போதும். பெயரெச்சத்துக்கும் அது தழுவும் பெயருக்கும் நடுவில் வேறொரு பெயர் வந்து உட்காரும்போதெல்லாம் இந்தக் குழப்பம் வருகிறது. சொற்பிழை திருத்தும் மென்பொருள்கள் ஒற்றுப்பிழையை ஓரளவு பிடிக்கின்றன. இதை இதுவரை எனக்குப் பிடித்துத் தந்ததில்லை. அதேபோல், தேடல் பெட்டியில் "என்பது குறிப்பிடத்தக்கது" என்று தட்டிப் பார்த்து, ஒரே கட்டுரையில் ஏழு இடங்களில் அது நின்றதைக் கண்டு கூசியிருக்கிறேன். ஏழையும் வெட்டிய பிறகும் எதுவும் குறைந்துவிடவில்லை.

கட்டுரை நீண்டால், ஒவ்வொரு பத்திக்கும் எதிரே அது சொல்வதை ஒரே வரியில் எழுதிப் பார்க்கிறேன். வரி எழுத வராத பத்தியில் செய்தி இல்லை. ஒரே வரி இரு முறை வந்தால் ஒன்று மிகை. குறுங்கட்டுரைக்கு இது வீண் வேலை.

கருவிகளைப் பற்றிச் சொல்வதானால், கூகுள் டாக்ஸின் பரிந்துரை முறை வசதியானதுதான். ஆனால் அதன் சரிக்குறியை அழுத்தும் எளிமை ஆபத்தானது. ஒருவர் செய்த நாற்பது மாற்றங்களை வரிசையாக ஏற்றுக்கொண்டு, கடைசியில் படித்தபோது அது அவருடைய நடையாகிவிட்டிருந்தது. இப்போது பரிந்துரைகளைப் பார்த்துக்கொண்டு என் கோப்பில் நானே தட்டச்சு செய்கிறேன். வேர்டில் இன்னொரு பாடம் கிடைத்தது. அது பதிவுசெய்து காட்டும் மாற்றங்களைத் திரையில் மறைத்துவைத்தால் அவை கோப்பிலிருந்து நீங்குவதில்லை. ஒவ்வொன்றையும் ஏற்கவோ தள்ளவோ வேண்டும். இதை அறியாமல் அனுப்பிய கோப்பைப் பதிப்பாசிரியர் திறந்தபோது, நான் நீக்கிய வரிகளும், ஓரத்தில் என்னையே திட்டி எழுதிய குறிப்பொன்றும் அவர் கண்ணில் பட்டன. அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்பது இன்னும் சங்கடம்.

நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990இல் உருவாக்கிய நான்கு படி முறையையும் ஓராண்டு முயன்று பார்த்தோம். படைப்பில் தமக்குப் பொருள்பட்டதை வாசகர்கள் முதலில் சொல்ல வேண்டும். அடுத்துப் படைத்தவர் கேள்வி கேட்பார். பிறகு வாசகர்கள் சார்பற்ற கேள்விகளைக் கேட்பார்கள். கடைசியில், படைத்தவர் அனுமதித்தால் மட்டும் தம் கருத்தைச் சொல்வார்கள். நெருங்கியவர்களிடையே இந்த நான்காம் படி நாடகமாகத் தோன்றிக் கைவிடப்பட்டது. ஆனால் இரண்டாம் படி என்னோடு தங்கிவிட்டது. "நாலாம் பத்தி வரைக்கும் யார் பேசுகிறார் என்று தெரிந்ததா?" என்ற அளவுக்குக் குறுகிய கேள்விகள் இரண்டு மூன்றை இப்போது வரைவோடு சேர்த்தே அனுப்புகிறேன்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் கருத்துக் கேட்டதில் பாராட்டுத்தான் மிகுதியாக வந்தது. திருத்தித் தரச் சொன்னால் மேடு பள்ளம் எல்லாம் சமமாகிவிடுகிறது. ஒரு பத்தியைக் கொடுத்து "இது என்ன சொல்கிறது?" என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். நான் சொல்ல வந்தது விடையில் இல்லையென்றால், அந்தப் பத்தியை இன்னொரு முறை பார்க்கிறேன்.

இந்த நடைமுறையின் பெருங்குறை, வாசகர்கள் தீர்ந்துபோவது. முதல் வரைவைப் படித்தவருக்கு இரண்டாம் வரைவு புதிதாக இராது. எது நீங்கியது என்று அவர் மனம் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். மூவரையும் ஒரே நேரத்தில் செலவழித்துவிட்டு, கடைசி வரைவைக் காட்ட ஆளின்றி நின்றிருக்கிறேன். இப்போது ஒருவரை எப்போதும் கடைசிக்கென்று நிறுத்திவைக்கிறேன். கைம்மாறாக அவர்கள் எழுத்தை நான் படித்துக் குறியிட வேண்டும். அதற்கு மாதத்தில் இரண்டு மூன்று மாலைகள் போகின்றன.

மூவரில் ஒருவருக்குப் பென்சில் பிடிக்காது. தாளில் குறியிட மறுத்து, வரைவை வாய்விட்டுப் படித்துக் குரல்பதிவாக அனுப்புகிறார். முதலில் அலுத்துக்கொண்டேன், இப்போது நான்கு பக்கத்துக்கு உட்பட்டவற்றுக்கு மற்ற இருவரிடமும் இதையே கேட்கிறேன். அண்மைப் பதிவொன்றில் மூன்றாம் நிமிடத்தில் ஒரு வாக்கியத்தை அவர் தொடங்கி, நிறுத்தி, மறுபடி தொடங்கி, "ம்" என்று ஒரு மூச்சு விட்டு மூன்றாம் முறை படித்து முடித்தார். குறியாக எதையும் அவர் சொல்லவில்லை. அந்த வாக்கியத்தை இரண்டாகப் பிரித்து, கடைசிக்கென்று நிறுத்திவைத்தவருக்கு அனுப்பினேன்; அந்த இடத்தை அவர் நிற்காமல் படித்துப் போனார், அடுத்த பக்கத்தில் வேறொன்றில் தடுக்கினார்.