எக்செல் மேக்ரோ: தமிழ் சார்ட் எழுத்துக்கு எவ்வளவு தூரம் நம்பலாம்?

பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118. நெல்லை மாவட்டத்து அணைகள் மூன்றின் உச்ச நீர்மட்டம் இது. இவற்றின் தினசரி நீர்மட்டத்தைத் தமிழில் சார்ட்டாகப் போடும் ஒரு கோப்பை வைத்து எக்செல் மேக்ரோவை, அதாவது வேலையைத் தானாகச் செய்ய எழுதிவைக்கும் கட்டளைத் தொகுப்பை, அலசியிருக்கிறோம். தலைப்பு, அச்சுப் பெயர், கம்பத்தின் தலையில் நிற்கும் எண் ஆகியவற்றின் எழுத்தை மேக்ரோ சொன்னபடி மாற்றுகிறதா என்பதுதான் கேள்வி. ஆங்கில சார்ட் என்றால் பத்துக்கு ஒன்பது தரலாம். தமிழ் என்றால் ஆறுதான், அந்த ஆறும் கீழே சொல்லும் ஏற்பாடுகளைச் செய்துகொண்டால். (கட்டளைப் பெயர்களை உச்சரிப்பில் தந்திருக்கிறோம். மேக்ரோ எழுதும் எடிட்டரில் ஆங்கிலத்திலேயே அடிக்க வேண்டும்.)

பெரிய குறையை முதலில் சொல்லிவிடலாம். ஆல்ட், எஃப்11 அழுத்தித் திறக்கும் எடிட்டருக்கு யூனிகோட், அதாவது எல்லா மொழி எழுத்துக்கும் தனி எண் தரும் முறை, தெரியாது. மேற்கோள் குறிக்குள் 'பாபநாசம்' என்று ஒட்டினால் வரிசையாகக் கேள்விக்குறிதான் வரும். எண்ணை எழுத்தாக்கும் 'சிஎச்ஆர்டபிள்யூ'வை எழுத்து எழுத்தாகப் போட்டுக் கட்டலாம், 'ப' என்றால் 2986. ஒரு தலைப்பை அப்படி எழுதி முடிப்பதற்குள் அணையே நிரம்பிவிடும். நல்ல வழி, தமிழ் முழுவதையும் ஒரு தனி ஷீட்டின் செல்களில் வைத்துவிட்டு, மேக்ரோ அங்கிருந்து எடுத்துக்கொள்ளும்படி செய்வது. எடிட்டரில் தமிழ் இல்லாவிட்டாலும், மேக்ரோ ஓடும்போது மாறிக்குள் (மதிப்பைத் தற்காலிகமாக வைத்திருக்கும் இடம்) வரும் தமிழ் சிதையாது. பின்னால் தலைப்பை மாற்ற வேண்டுமானால் மேக்ரோ தெரியாதவரும் செல்லில் மாற்றிக்கொள்ளலாம்.

செல்லிலிருந்து எடுப்பதும் இரண்டு விதம். தலைப்பைச் செல்லோடு இணைத்துவிட்டால் செல் மாறும்போது அதுவும் மாறும், ஆனால் தலைப்பு முழுக்க ஒரே நிறம், ஒரே அளவு. 'பாபநாசம்' மட்டும் தடித்து நிற்க வேண்டுமானால் இணைக்காமல், செல்லின் மதிப்பை 'சார்ட்டைட்டில்.டெக்ஸ்ட்'டில் கொடுக்க வேண்டும். அதற்கு முன் 'ஹாஸ்டைட்டில்' ட்ரூ ஆக இருக்க வேண்டும், இல்லாத தலைப்பைத் தொட்டால் பிழை வந்து நிற்கும்.

பிறகு 'கேரக்டர்ஸ்' கட்டளை. எங்கே தொடங்கி எத்தனை எழுத்து என்று கேட்கும். தமிழில் ஆட்கள் வழுக்குவது இங்கேதான். 'பாபநாசம்' நமக்கு ஐந்து எழுத்து, எக்செலுக்கு எட்டு: துணைக்காலும் புள்ளியும் தனித்தனிக் குறிகள். 'மணிமுத்தாறு' நமக்கு ஆறு, அதற்குப் பதினொன்று. விரல்விட்டு எண்ணி ஐந்து என்று போட்டால் 'பாபநா' வரைதான் தடிக்கும். எண்ணவே வேண்டாம்: தொடக்கத்தை 'இன்எஸ்டிஆர்' கண்டுபிடிக்கட்டும், நீளத்தை 'லென்' சொல்லட்டும், தேடும் சொல்லும் செல்லிலிருந்தே வரட்டும்.

எழுத்துரு விஷயத்தில், நாம் கையால் செய்வதை மேக்ரோவாகப் பதிந்துதரும் ரெக்கார்டர் கைகொடுக்கும். 2007 பதிப்பில் சார்ட் அலங்காரத்தை அது பெரும்பாலும் பதிவதில்லை, 2010இல் சரிசெய்தார்கள். இன்றைய பதிப்புகளில் எழுத்துருவை மாற்றினால் 'நேம்', 'நேம்ஃபார்ஈஸ்ட்', 'நேம்காம்ப்ளெக்ஸ்ஸ்கிரிப்ட்' என்று மூன்று வரி பதியும். வேண்டாத குப்பை என்று நினைத்து 'நேம்காம்ப்ளெக்ஸ்ஸ்கிரிப்ட்' வரியை அழித்துவிடாதீர்கள், தமிழுக்கு உரியது அதுதான். 'நிர்மலா யூஐ' போட்டால் விண்டோஸ் 8 முதல் எல்லாக் கணினியிலும் இருக்கும். லதாவும் விஜயாவும் விண்டோஸ் 10இல் தனியாகச் சேர்க்க வேண்டியவை. பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் தட்டிய கோப்பென்றால் அடியில் இருப்பது ஆங்கில எழுத்து. முதலில் யூனிகோடுக்கு மாற்றாமல் மேக்ரோவை ஓட்டிப் பயனில்லை.

மேக்ரோ உண்மையிலேயே பணத்துக்குத் தகுந்த வேலை செய்வது எண்களில். 'சீரிஸ்.வேல்யூஸ்' வழியே ஒவ்வொரு கம்பமாகப் போய், நீர்மட்டம் அந்தந்த அணையின் உச்சத்தில் 90 விழுக்காட்டைத் தாண்டினால் 'டேட்டாலேபில்' சிவப்பு என்று எழுதிவிட்டால், ஐப்பசி மழை நேரத்தில் கைச்சோலி பாதி மிச்சம். ஒன்றை மறக்கக்கூடாது: நேற்றைய சிவப்பு தானாகப் போகாது. சுற்றைத் தொடங்கும் முன் எல்லாவற்றையும் கறுப்பாக்கிவிடுங்கள். இதே வசதியை அச்சில் எதிர்பார்க்க முடியாது. அச்சில் வரும் பெயர்களான 'டிக்லேபில்ஸ்' மொத்தமும் ஒரே எழுத்துரு, ஒரே நிறம், ஓர் அணையின் பெயரை மட்டும் தனித்துக் காட்ட வழியில்லை. செங்குத்து அச்சின் தலைப்பும் படுத்துக் கிடக்கும், 'ஓரியன்டேஷனை'க் கிடைமட்டமாக்கினால் வாசிக்கலாம்.

பிழை எண் 91 வந்தால் பெரும்பாலும் சார்ட்டைச் சொடுக்காமல் 'ஆக்டிவ்சார்ட்'டைக் கூப்பிட்டிருப்பீர்கள். 'சார்ட்ஆப்ஜெக்ட்ஸ்' வழியே பெயர் சொல்லி அழைத்தால் இந்தத் தொல்லை இல்லை. மேக்ரோ ஓடினால் அன்டூ வரிசை காலி, ஆகவே முதலில் சேமித்துவிட்டு ஓட்டுங்கள். மேக்ரோவைத் தாங்கும் கோப்பு வகையான எக்ஸ்எல்எஸ்எம் ஆகச் சேமிக்காமல் வழக்கமான எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஆகச் சேமித்தால் கோப்பு மிஞ்சும், மேக்ரோ மிஞ்சாது. மின்னஞ்சலில் வந்த கோப்பில் மேக்ரோ தடுக்கப்பட்டிருந்தால், அனுப்பியவர் தெரிந்தவர்தானா என்று பார்த்துக்கொண்டு, கோப்பின் ப்ராப்பர்ட்டீஸில் அன்பிளாக் போடுங்கள். செல்போனிலும் இணைய எக்செலிலும் இது ஓடவே ஓடாது.

காசு கொடுக்க மனமில்லையா, லிப்ரேஆபீஸ் கால்க் இருக்கிறது. அதன் எடிட்டரில் தமிழை நேராகவே தட்டலாம், அந்த ஒரு விஷயத்தில் எக்செலைவிட மேல். எழுத்தளவுக்கு 'சார்ஹைட்' போட்டால் தமிழ் அசையாது, 'சார்ஹைட்காம்ப்ளெக்ஸ்' போட வேண்டும். மேக்ரோ ரெக்கார்டர் அதில் இயல்பாக அணைந்தே இருக்கும், ஆப்ஷன்ஸில் அட்வான்ஸ்டு பகுதிக்குப் போய் இயக்க வேண்டும். எக்செலுக்கு எழுதிய சார்ட் மேக்ரோவை அப்படியே தூக்கிப்போட்டால் ஓடும் என்று நம்ப வேண்டாம், பெரும்பாலும் முதலிலிருந்து எழுத வேண்டியிருக்கும்.