"வளர்ற புள்ள, ரெண்டு நம்பர் பெருசா எடுங்க" – ஸ்கேட்டிங் ஷூ வாங்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

மன்னார்குடிப் பக்கம் பம்புசெட் ரிப்பேர் பார்ப்பவன் நான். மோட்டாரும் பம்பும் ஒரு நூல் விலகி உட்கார்ந்திருந்தால் சத்தத்திலேயே தெரிந்துவிடும். அப்படிப்பட்டவன் ஒரு ஜோடி ஷூவில் 13,500 ரூபாய் ஏமாந்திருக்கிறேன். பணத்தைவிட, பிள்ளையின் கணுக்கால் வீங்கியதுதான் இன்னும் ஆறவில்லை.

அக்கா மகள் எட்டாவது படிக்கிறாள். மூன்று வருடமாக ஸ்கேட்டிங். ரேஸ் இல்லை, பாட்டுக்குச் சுழன்று தாவி ஆடுகிற ஆர்டிஸ்டிக். டிவியில் பனிக்கட்டி மேல் ஆடுவார்களே, அதேதான். அவர்களுக்குக் கீழே கத்தி, இவர்களுக்கு நான்கு சக்கரமும் முன்னால் ஒரு ரப்பர் ஸ்டாப்பரும். பனிக்கு நாம் டேராடூன், குர்கான் என்று தூரமாகப் போக வேண்டும். மூடிக்கிடக்கிற ஒரு ரைஸ் மில்லின் நெல் காயப்போடும் களம்தான் இவர்களுக்கு மைதானம். 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் அனுப் குமார் யாமா இந்த நான்கு சக்கரத்தில்தான் இந்தியாவுக்கு வெண்கலம் வாங்கினார் என்பதைப் புதிதாக வருகிற ஒவ்வொரு பெற்றோரிடமும் மாஸ்டர் சொல்வார்.

இரண்டு வருடம் மாஸ்டரின் பழைய ஷூவில் ஓட்டினாள். இனி தாவப் பழக வேண்டும், சொந்த ஷூ வேண்டும் என்றார். குறுவை நடவு சமயத்தில் என் கையில் நாலு காசு புழங்கும். காது குத்துக்குத் தோடு போட்ட மாமன் இதற்கு மட்டும் யோசிப்பானா? திருச்சியில் ஒரு கடைக்கு அழைத்துப் போனேன்.

கடைக்காரர் காலை அளக்கவே இல்லை. "ஸ்கூல் ஷூ என்ன நம்பரும்மா?" என்றார். மூணு என்றாள். "வளர்ற புள்ள சார், அஞ்சு எடுங்க, ரெண்டு வருஷத்துக்குக் கவலையில்ல. இப்போதைக்கு ரெண்டு சாக்ஸ் போட்டுக்கட்டும்." கேட்பதற்கு எவ்வளவு அக்கறையாக இருக்கிறது பாருங்கள்! பள்ளிச் சீருடையை நாம் அப்படித்தானே எடுக்கிறோம். எனக்கும் நியாயமாகவே பட்டது. "இத்தாலி மாடல்" என்றார். அந்த 'மாடல்' என்ற சொல்லை நான் அப்போது கவனிக்கவில்லை. ஒரு பையன் ஷூவின் அடியில் டிரில்லைப் போட்டு, நான்கு சக்கரமும் மாட்டியிருக்கும் தட்டைப் பத்து நிமிடத்தில் முடுக்கிக் கொடுத்தான். நடுக்கோடு போட்டானா, அளந்தானா? தெரியாது. கடையில் டீ வாங்கிக் கொடுத்தார்கள், குடித்துக்கொண்டிருந்தேன்.

நம்ம ஊர் ஷூ நம்பரில் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் சுமார் எட்டரை மில்லிமீட்டர் வித்தியாசம். இரண்டு நம்பர் என்றால் 17 மில்லிமீட்டர். ஸ்கூல் ஷூவில் அது ஒன்றும் செய்யாது. இந்த ஷூவில் குதிகால் ஓர் இம்மிகூடத் தூக்கக் கூடாது. தூக்கினால் கால் ஒரு பக்கம் போகும், சக்கரம் ஒரு பக்கம் போகும். அதைச் சமாளிக்கப் பிள்ளை லேஸை இறுக்கினாள். இறுக்க இறுக்கப் பாதம் மரத்துப் போனது. உள்ளே கால் முன்னால் வழுக்கி வழுக்கிக் கட்டைவிரல் நகம் கறுத்தது. குதிகாலில் கொப்புளம், உடைந்து, மறுபடியும் கொப்புளம். வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை. பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு, பழைய சாக்ஸைக் கிழித்து முன்பக்கம் திணித்துக்கொண்டு ஆடியிருக்கிறாள். பிறகு கேட்டபோது, "நீங்க வாங்கிக் குடுத்தது மாமா, சொன்னா சங்கடப்படுவீங்க" என்றாள்.

வலது கால் மட்டும் உள்பக்கமாகச் சாய்கிறதே என்று மாஸ்டர் அவளைத்தான் திட்டிக்கொண்டிருந்தார். "முட்டிய மடக்கு, முட்டிய மடக்கு." தப்பு முட்டியில் இல்லை. பட்டறைக்குக் கொண்டுவந்து பின்னாலிருந்து நூல் பிடித்துப் பார்த்தேன். குதியின் நடுவிலிருந்து தட்டு கிட்டத்தட்ட ஐந்து மில்லிமீட்டர் விலகியிருந்தது. மோட்டாரையும் பம்பையும் இணைக்கிற கப்ளிங் விலகியிருக்க ஓட்டினால் பேரிங் போகும். இங்கே பேரிங் இருந்த இடத்தில் ஒரு பிள்ளையின் கணுக்கால்.

ஆனால் நான் நூல் பிடித்தது எல்லாம் முடிந்த பிறகு. ஐப்பசி மழையில் களம் ஈரமாகவே கிடந்தது. ஒரு நாள் வெயில் வந்ததும் ஆடப் போனார்கள். ஒரே ஒரு சுற்றுத் தாவல்தான். தரையில் கால் வைத்ததும் வலது ஷூவின் முன்பக்கத் தட்டு ஸ்குரூவோடு பெயர்ந்து வந்துவிட்டது. முட்டி சிராய்த்து, கணுக்கால் பிசகி, மூன்று வாரம் வீட்டில்.

மன்னார்குடியில் செருப்புத் தைக்கும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். ஊசி முனையால் அடிப்பக்கத்தை லேசாக நெம்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "தம்பி, இது தோல் இல்ல, அட்டை. மேல ரெக்ஸின் சுத்திருக்கான். அட்டையில தண்ணி எறங்குனா ஆணி எப்படி நிக்கும்?" தைத்துத் தரவா என்றார், வேண்டாம் என்றேன். அது நான் செய்த ஒரே புத்திசாலித்தனம். உடைந்த பொருளை உடைந்தபடியே வையுங்கள். தைத்துவிட்டால் நீங்கள்தான் கெடுத்தீர்கள் என்பார்கள்.

கடையில் அப்படியும் அதைத்தான் சொன்னார்கள். "டிரில் போட்ட பொருள் ரிட்டர்ன் கிடையாது சார். மழையில ஆட விட்டது உங்க தப்பு." பில்லை நீட்டினேன். அது பில்லே இல்லை, 'எஸ்டிமேட்' என்று அச்சடித்த துண்டுச் சீட்டு. அதில் 'ஷூ 1 ஜோடி' என்பதைத் தவிர கம்பெனிப் பெயரோ, நம்பரோ, வரியோ எதுவும் இல்லை. நல்லவேளை, பணத்தை ஜிபேயில் போட்டிருந்தேன், அதுதான் இப்போது சாட்சி.

மாஸ்டர் ஒரு வீடியோ காட்டினார். 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் ஜப்பானின் நோபுனாரி ஓடாவுக்கு ஆட்டத்தின் நடுவே ஷூ லேஸ் அறுந்துவிடுகிறது. நிறுத்தி, கட்டிக்கொண்டு வந்து முடிக்கிறார், 7ஆவது இடம். முன்பே அறுந்ததை முடிச்சுப் போட்டு வைத்திருந்தாராம், மாற்றினால் காலுக்குப் பழகிய பிடி போய்விடும் என்று. ஒரு லேஸுக்கு அவ்வளவு யோசிக்கிறார்கள். நான் மொத்த ஷூவையும் டீ குடித்துக்கொண்டே வாங்கினேன்.

சரி, இப்போது எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே பிள்ளையைக் காகிதத்தில் நிற்க வைத்து, எடை முழுதும் காலில் இறங்கியபடி, இரண்டு காலையும் கோடு போட்டு மில்லிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள். அகலத்தையும் அளக்க வேண்டும். கடையில் ஷூவுக்குள் பாதத்துக்கு அடியில் இருக்கும் மெத்தையை (இன்சோல்) வெளியே எடுத்து அதன்மேல் காலை வைத்துப் பாருங்கள்; விரலுக்கு முன்னால் எவ்வளவு மிச்சம் என்று கண்ணுக்கே தெரியும். ஒரு மெல்லிய சாக்ஸ் போதும். நேராக நின்றால் விரல் நுனி முன்பக்கத்தை லேசாகத் தொட வேண்டும், முட்டியை மடக்கினால் விலக வேண்டும், குதிகால் அசையக் கூடாது. நல்ல ஷூ எங்காவது பிடித்தால் அந்த இடத்தைச் சூடுகாட்டித் தட்டிக் கொஞ்சம் பெரிதாக்கிவிடலாம். பெரிய ஷூவைச் சின்னதாக்க வழியில்லை, எத்தனை சாக்ஸ் போட்டாலும் சரி. தட்டை முடுக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். டீ அப்புறம் குடிக்கலாம். முடுக்கியதும் பின்னாலிருந்து பாருங்கள், சமதளத்தில் வைத்து நான்கு சக்கரமும் தொடுகிறதா என்று பாருங்கள். கம்பெனிப் பெயர், நம்பர் போட்ட ஜிஎஸ்டி பில் இல்லாமல் நகராதீர்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்து புகாரைப் பதியலாம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை திருச்சியில் என்றாலும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். 5 லட்சம் வரையான பொருளுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். நான் போனில் பதிந்தேன், கடைக்காரர் பதில் சொல்லவில்லை. அடுத்து திருவாரூரில் மனுப் போட எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பாப்பா இப்போது ஒரு சீனியர் பெண்ணின் பழைய தோல் ஷூவில் ஆடுகிறாள். கணுக்கால் பக்கம் கொஞ்சம் மடிந்துபோன ஷூதான், ஆனால் காலுக்குச் சரியாக நிற்கிறது. அந்த 13,500 ரூபாய் ஷூ என் பட்டறையில் ஆணியில் தொங்குகிறது, பெயர்ந்த நாலு ஸ்குரூவும் ஒரு கவரில். ஆணையத்தில் காட்டும்வரை யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவைத்திருக்கிறேன்.