தண்ணீர் வறுமைக்கு எந்த அளவுகோல்?

ஒரு நாட்டில் தண்ணீர் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. அது வீட்டுக் குடத்துக்கு வந்து சேர்கிறதா என்பது வேறு கேள்வி. தண்ணீர்க் குறியீடுகளில் பலவும் முதல் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு, இரண்டாவதற்கும் சொல்லிவிட்டதாகக் காட்டிக்கொள்கின்றன.

பழைய அளவுகோலிலிருந்து தொடங்கலாம். சுவீடனைச் சேர்ந்த நீரியல் அறிஞர் மாலின் ஃபால்கன்மார்க் 1989-இல் முன்வைத்த அளவு இது: கிடைக்கும் தண்ணீர் ஆண்டுக்கு ஆளுக்கு 1,700 கனமீட்டருக்குக் கீழே போனால் நெருக்கடி, 1,000-க்குக் கீழே பற்றாக்குறை. விவசாயம், தொழிற்சாலை எல்லாம் இதில் அடக்கம். மக்கள்தொகையும் நீர்வளமும் தெரிந்தால் போதும், யாரும் கணக்குப் போடலாம். இந்தியா 2001-இல் 1,816, 2011-இல் 1,545. அதாவது இடைப்பட்ட பத்தாண்டில் 1,700 என்ற கோட்டுக்குக் கீழே போய்விட்டோம். சரி, ஆனால் பிரம்மபுத்திரா வெள்ளத்தையும் ராஜஸ்தான் மணலையும் கூட்டி வகுத்து வந்த எண் அது. இலங்கையிலும் இதே கதைதான். நாடு முழுவதற்குமான சராசரி பார்க்க நன்றாகவே இருக்கும். மாவட்டம் வாரியாக, பெரும்போகம் சிறுபோகம் என்று அங்குள்ள இரண்டு சாகுபடிப் பருவங்களாகப் பிரித்துப் பார்த்தால்தான் உலர் வலயத்தின் தட்டுப்பாடு வெளியே வரும்.

இந்தக் குறையைத் தீர்க்க வந்தது நீர் வறுமைக் குறியீடு. ஆய்வாளர் கரோலின் சல்லிவன் குழுவினர் 2002-இல் வெளியிட்டது. வளம், அணுகல், திறன், பயன்பாடு, சுற்றுச்சூழல் என்று ஐந்து கூறுகள், ஒவ்வொன்றுக்கும் 20 மதிப்பெண். 147 நாடுகளின் பட்டியலில் ஃபின்லாந்து முதலிடம், ஹைத்தி கடைசி. தென்னாப்பிரிக்கா, தான்சானியா, இலங்கை ஆகிய நாடுகளில் ஊர் அளவிலும் சோதித்தார்கள்.

கருத்து அருமை. சிக்கல் கூட்டலில் இருக்கிறது. ஓர் ஊருக்கு வளம் 18, அணுகல் 4, திறன் 10, பயன்பாடு 6, சுற்றுச்சூழல் 12 என்று வைத்துக்கொள்வோம். பக்கத்து ஊருக்கு அதே வரிசையில் 4, 18, 12, 10, 6. இரண்டுக்கும் மொத்தம் 50. முதல் ஊருக்கு வேண்டியது குழாய். இரண்டாவதில் குழாய் இருக்கிறது, ஊற்றுதான் இல்லை. 50 என்ற எண்ணை வைத்துக்கொண்டு எந்தப் பொறியாளரும் எதையும் செய்ய முடியாது! ஐந்துக்கும் சம எடை ஏன் என்பதற்கும் உறுதியான பதில் கிடையாது. அப்புறம், திறன் என்ற கூறில் வருமானம், குழந்தை இறப்பு, கல்வி எல்லாம் வருகின்றன. அதனால் பணக்கார நாடு தண்ணீரே பார்க்காமல் பாதி கிணறு தாண்டிவிடுகிறது.

மூன்றாவது, 2019-இல் வந்த ஹெச்-வைஸ் (HWISE) அளவுகோல், அதாவது வீட்டில் தண்ணீர்த் தட்டுப்பாட்டை மக்கள் எப்படி அனுபவிக்கிறார்கள் என்பதன் அளவு. இது ஆற்றை அளக்காது, நேராக வீட்டுக்காரரிடம் கேட்கும். கடந்த நான்கு வாரத்தில் தண்ணீர் இல்லாமல் துணி துவைக்க முடியாமல் போனதா? சமையலை மாற்ற வேண்டி வந்ததா? தாகத்தோடு படுத்தீர்களா? இப்படி 12 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை. மொத்தம் 12 அல்லது அதற்கு மேல் வந்தால் அது தண்ணீர்ப் பாதுகாப்பில்லாத வீடு. எனக்குப் பிடித்தது இதுதான், அவமானத்தைக்கூடக் கேட்கிறது. ஆனால் காரணத்தைச் சொல்லாது, தண்ணீரின் தரத்தைச் சோதிக்காது. ஐப்பசியில் கேட்டால் ஒரு பதில், சித்திரையில் கேட்டால் வேறு பதில்.

ஒரு வட்டாரத்தை அளக்கச் சொன்னால், சித்திரையில் ஒரு தடவை, மழைக்குப் பிறகு ஒரு தடவை என்று அந்த 12 கேள்விகளோடு வீடு வீடாகப் போவேன். நீர் வறுமைக் குறியீட்டின் ஐந்து எண்களையும் கூட்டாமல் தனித்தனியே பக்கத்தில் எழுதி வைப்பேன். ஃபால்கன்மார்க் எண் மாநில அளவில் பேசும்போது மட்டும் போதும்.