ஆஷ் மரத்துக்கு வேப்பங்கொட்டை ஊசி: 4/5

எங்கட ஸ்கார்பரோ வீட்டுப் பின்வளவில நிக்கிற ஆஷ் மரத்துக்கு மூண்டாம் தரமா ட்ரீஅசின் எண்ட பூச்சி மருந்து ஊசி போட்டாச்சு, அதான் ஒருக்கா எழுதுவம் எண்டு. ஊசி போடுறது எமரால்டு ஆஷ் போரர் எண்ட பச்சை வண்டுக்கு எதிரா; அது ஆசியாவில இருந்து வந்தது, 2002 ல டிட்ராய்ட்டிலயும் வின்ட்சரிலயும் கண்டுபிடிச்சவை, 2007 ல டொரொன்டோவுக்கும் வந்திட்டுது. வண்டு இலையைக் கொறிக்கிறது பெரிசில்லை, பட்டைக்குக் கீழ புழு வளைஞ்சு வளைஞ்சு தின்னுறதாலதான் தண்ணியும் சத்தும் ஓடாமல் மரம் சாகும். எங்கட தெருவில கனக்க மரம் அப்பிடித்தான் போனது.

விசயம் என்னெண்டா, இந்த மருந்து வேப்பங்கொட்டையில இருந்து எடுக்கிறது! அம்மா கேட்டிட்டு இதுக்கோ இவ்வளவு காசு எண்டு சிரிச்சா. அடிமரத்தைச் சுத்தி சின்னச் சின்ன ஓட்டை போட்டு மருந்துக் குப்பியைப் பொருத்திவிட்டா மரமே உறிஞ்சும், புழு தோல் உரிக்க ஏலாமல் செத்துப்போகும். ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா கோடையில போடோணும், மரத்தின்ர தடிப்பை அளந்து சென்ரிமீற்றர் கணக்கில காசு.

வந்த பெடியன் நல்ல பொறுமை, பட்டையில வண்டு வெளிய வந்த, இங்கிலீஷ் D எழுத்து மாதிரி ஓட்டை இருக்கோ எண்டு தேடிக் காட்டினவன். ஆனா சொன்ன நாளுக்கு வரேல்ல, ரெண்டு தரம் திகதி மாத்தினவை, அதுக்குத்தான் ஒரு ஸ்டார் குறைச்சனான். கொப்புகள் 30 வீதத்துக்கு மேல பட்டுப்போன மரத்துக்கு இதால பெரிசாப் பலன் இல்லையாம், பக்கத்து வீட்டு மரத்துக்கு வேண்டாம் எண்டு அவையே சொல்லிப்போட்டினம், காசைப் பாக்காமல் உள்ளதைச் சொன்னது பிடிச்சுது.