இருமுகத் துகள்கள்: தகடா, மெழுகா, நுண்கால்வாயா, விதைத்துகளா?

ஒரு பக்கம் நீரையும் மறுபக்கம் எண்ணெயையும் நாடும் ஜேனஸ் துகள்கள், எண்ணெய்த் துளிகளைச் சுற்றிக் கவசம்போல் அமர்ந்து, அவை ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்துப் பிரிந்துவிடாமல் காக்கின்றன. இவற்றைச் செய்யும் முறைகளை எடைபோடும்போது, இரு முகங்களும் எவ்வளவு துல்லியமாகப் பிரிந்துள்ளன என்பதில்தான் முதலில் கண் போகும். பால்மம் (எண்ணெயும் நீரும் துளிகளாகக் கலந்த கலவை) ஆக்குவதற்கு எனில், எவ்வளவு துகள் கிடைக்கும் என்பதையே முதலில் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

100 மி.லி. எண்ணெயை 50 மைக்ரான் விட்டமுள்ள துளிகளாக உடைத்தால், அவற்றின் மொத்தப் புறப்பரப்பு 12 சதுர மீட்டர். துகள்களைக் கண்ணாடித் தகட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்பி, மேலிருந்து உலோக ஆவியைப் படியவிடும் முறையில் இரு முகங்களுக்கும் இடையிலான எல்லைக்கோடு மிகக் கூர்மையாக அமையும். ஆனால் தகட்டில் அடைத்த பரப்பளவையே துகள்கள் துளிகளின் மீதும் ஏறத்தாழ அடைக்கும் என்பதால், 10 செ.மீ. பக்கமுள்ள சதுரத் தகடுகள் 1,200 தேவைப்படும்!

ஆய்வாளர் ஸ்டீவ் கிரானிக் குழுவினர் 2006-இல் வெளியிட்ட மெழுகு முறை இந்தச் சிக்கலை அழகாகத் தாண்டுகிறது. உருகிய மெழுகை நீரில் சிலிக்கா துகள்களோடு கலக்கினால், அவை மெழுகுத் துளிகளின் மேல் பாதி புதைந்து நிற்கும். குளிர்வித்ததும் அப்படியே இறுகிவிடும். வெளியே தெரியும் பக்கத்துக்கு மட்டும் வேதிப்பூச்சு கொடுத்துவிட்டு மெழுகைக் கரைத்துவிடலாம். கிராம் கணக்கில் துகள் கிடைக்கும். புதையும் ஆழம் துகளுக்குத் துகள் சற்று மாறுவதே குறை.

நுண்கால்வாய் முறையில் இரு திரவங்களை அருகருகே ஓடவிட்டு, துளியாக்கி, ஒளியால் கெட்டிப்படுத்துகிறார்கள். துகள்கள் ஒரே அளவாக வந்தாலும், பெரும்பாலும் பத்து மைக்ரானைத் தாண்டிவிடுவதால், 50 மைக்ரான் துளிக்குக் கவசமாக அவை ஏற்றவையல்ல.

விதைத்துகள் முறையில், குறுக்கிணைப்புள்ள (சங்கிலிகள் வலைபோல் பிணைந்த) பாலிஸ்டைரீன் உருண்டைகள் மோனோமரை, அதாவது பாலிமரின் மூலக்கூறு அலகை, உறிஞ்சி உப்புகின்றன. சூடாக்கும்போது உள்ளிருக்கும் வலை சுருங்கி அதைப் பக்கவாட்டில் குமிழாகத் தள்ளுகிறது; அக்குமிழே இரண்டாம் முகமாகிறது. கலன் பெரிதானால் விளைச்சலும் பெரிதாகும். எல்லை மங்கலாக இருப்பதும் இங்கே பெரிய குறையல்ல: 1 மைக்ரான் விட்டமுள்ள சாதாரணத் துகளையே, சாதகமான தொடுகோணத்தில் (துகளின் பரப்பை எண்ணெய்-நீர் எல்லை தொடும் கோணம்), இடைமுகத்திலிருந்து, அதாவது எண்ணெயும் நீரும் சந்திக்கும் பரப்பிலிருந்து, பிடுங்க, துகளை அசைக்கும் வெப்ப ஆற்றலைப்போல் சுமார் 1 கோடி மடங்கு வேண்டும். இருமுகம் அதை 3 மடங்கு வரை கூட்டலாம் என்ற கணக்கு, சில நானோமீட்டர் அளவுள்ள துகள்களுக்கே உண்மையில் கைகொடுக்கும்.

ஆகவே பாலிமர் போதுமானால் விதைத்துகள், சிலிக்காதான் வேண்டுமானால் மெழுகு என்பேன். ஆனால் மெழுகைப் பலமுறை கழுவ வேண்டும். மெல்லிய படலம் எஞ்சினாலும் நீரை நாட வேண்டிய பக்கமும் எண்ணெய்ப் பக்கமாகிவிடும்.