மினரல் பவுடரா, சன்ஸ்கிரீன் கிரீமா?

சிங்கப்பூர் தேக்கா சந்தையில் காய் வாங்கிவிட்டு எம்ஆர்டி ரயிலுக்கு நடப்பதற்குள் முகம் வேர்த்து வழியும். அப்போது மினரல் பவுடர்தான் சுகம். எண்ணெயை உறிஞ்சும், மேக்கப் கலையாமல் மேலேயே ஒற்றிக்கொள்ளலாம். ஆனால் வெயிலுக்கு அதை மட்டும் நம்பாதீர்கள். டப்பாவில் போட்டிருக்கும் எஸ்பிஎஃப், அதாவது வெயில் காப்பு எண், சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசிச் சோதித்த கணக்கு. அவ்வளவு பவுடரை அப்பினால் முகம் மாவில் புரட்டிய மாதிரி ஆகிவிடும். பிரஷ்ஷில் தொட்டுத் தடவுவது அதில் கொஞ்சம்தான். கிரீமை இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் போதும்.

இங்கே நண்பகலில் புற ஊதாக் குறியீடு 11-ஐ, அதாவது மிகக் கடுமையான அளவை, தொடும் நாள்கள் உண்டு. அதனால் காலையில் கிரீம், மதியம் அதன்மேல் பவுடர் என்பதே என் வழக்கம்.

நம் மாநிறத்தில், வெயிலைத் தடுக்கச் சேர்க்கும் துத்தநாக ஆக்சைடு வெள்ளையாய்ப் பூக்கும். இரும்பு ஆக்சைடு கலந்த நிறப் பவுடராக வாங்குங்கள். மங்கு உள்ளவர்களுக்கு அது இன்னும் நல்லது. கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் ஓரளவு தடுக்கும்.